மதிற்சுவருக்கு அப்பால்: மின்நிலையங்களும் கனிம வள மதிப்பீடும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓரிடத்தில் அனல்மின் நிலையம் அமையப்போகிறது என்ற செய்தி பரவியதும் அப்பகுதி மக்களிடையே மூன்று கேள்விகள் எழுகின்றன. எவ்வளவு நிலம் போகும்? எவ்வளவு தண்ணீர் போகும்? எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? மூன்றும் நியாயமான கேள்விகள். நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் எழுவதே இல்லை. அந்த மின்நிலையம் தன் வாழ்நாள் முழுவதிலும் நாட்டின் நிலத்தடிச் செல்வத்தில் எவ்வளவை உண்ணும், எந்த மண்ணைத் தோண்டி உண்ணும், முடிவில் எதை விட்டுச்செல்லும் என்பதே அந்தக் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே கனிம வள மதிப்பீடு. இது நிலவியலாளர்களின் தனித்துறை என்று எண்ணி இயக்கத் தோழர்கள் ஒதுங்கிவிடுவது வழக்கம். ஆனால் மண்ணுக்கடியில் கிடக்கும் செல்வம் யாருடையது, அதை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்வது யார் என்பவை அரசியல் கேள்விகள். அவற்றை வல்லுநர் குழுக்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

சட்டம் பார்ப்பதும் பாராததும்

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1994ஆம் ஆண்டில்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான அறிவிக்கை அதன் இடத்தைப் பிடித்தது. திட்டங்களைத் தரம் பிரித்தல், ஆய்வின் வரம்பை வகுத்தல், பொதுமக்கள் கருத்துக் கேட்பு, இறுதிப் பரிசீலனை என நான்கு படிகள் அதில் உள்ளன. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட நிலக்கரி மின்நிலையங்களுக்கு ஒன்றிய அமைச்சகமே அனுமதி அளிக்கிறது.

ஆய்வை நடத்துவது யார்? திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் தானே பணம் கொடுத்து அமர்த்திக்கொள்ளும் ஆலோசனை நிறுவனம். ஆய்வு எதுவரை செல்கிறது? மின்நிலையத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் 10 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைவது பொது நடைமுறை. அந்த வட்டத்துக்குள் உள்ள காற்று, நீர், மண், பயிர், பறவை அனைத்தும் கணக்கில் வரும். நிலக்கரி சில நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருமானால், அது வரும் காடும் அந்தக் காட்டின் மனிதர்களும் வட்டத்துக்கு வெளியே நிற்பார்கள்.

சுரங்கத்துக்கும் மதிப்பீடு உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது வேறொரு கோப்பு. அதைப் பரிசீலிப்பதும் வேறொரு வல்லுநர் குழு. மின்நிலையக் குழுவின் முன் சுரங்கம் என்பது எரிபொருள் கிடைக்கும் இடத்தின் பெயராகச் சுருங்கிவிடுகிறது. சுரங்கக் குழுவின் முன் மின்நிலையம் என்பது சுரங்கம் தோண்டுவதற்கான காரணமாக நிற்கிறது. 'மின்நிலையம் கட்டியாகிவிட்டது, நிலக்கரி இல்லாவிட்டால் கோடிக்கணக்கான முதலீடு வீணாகும்' என்ற வாதம் அங்கே பிறக்கிறது. ஒன்றின் அனுமதி மற்றொன்றின் கழுத்தை நெரிக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து எடைபோடும் துலாக்கோல் சட்டத்தில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1,000 மெகாவாட் திறன் கொண்ட ஒரு மின்நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். அது தன் திறனில் 85 விழுக்காடு ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 745 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கும். இந்திய நிலக்கரியின் தரத்தை வைத்து ஒரு யூனிட்டுக்கு 650 கிராம் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 48 இலட்சம் டன் நிலக்கரி தேவை. 25 ஆண்டுகளுக்கு 12 கோடி டன். சாம்பல் 35 விழுக்காடு என்றால் 4 கோடி டன்னுக்கு மேற்பட்ட சாம்பல் குவியும். திறந்தவெளிச் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரிக்கு இரண்டரை கன மீட்டர் மேல்மண்ணையும் பாறையையும் அகற்ற நேர்ந்தால் 30 கோடி கன மீட்டர் மண் புரட்டப்படும்.

இது பள்ளிக்கூடப் பெருக்கல் கணக்குதான். ஆயினும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மக்கள் கையில் தரப்படும் சுருக்க அறிக்கையில் இப்படி ஒரு கணக்கு முதல் பக்கத்தில் இருந்தால் கூட்டத்தின் போக்கே மாறும். சில நூறு ஏக்கர் திட்டம் என்று பேசத் தொடங்கியவர்கள், அது ஒரு மலையைக் கரைத்து மற்றொரு மலையை எழுப்பும் திட்டம் என்பதைக் காண்பார்கள்.

அஸ்தேவ் சொல்லும் பாடம்

மின்நிலையம் ஓரிடத்திலும் கனிமம் வேறிடத்திலும் இருக்கும்போது நிகழ்வது என்ன என்பதற்குச் சத்தீஸ்கரின் அஸ்தேவ் ஆரண்யக் காடுகள் சான்றாக உள்ளன. சர்குஜா, கோர்பா, சூரஜ்பூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 1,70,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் சால மரக்காடு அது. யானைகளின் வாழிடம், பாங்கோ நீர்த்தேக்கத்துக்கு நீர் தரும் பிடிப்புப் பகுதி, கோண்டு முதலிய பழங்குடி மக்களின் தாயகம். அக்காட்டின் அடியில் நிலக்கரிப் படுகை கிடக்கிறது.

அங்கே 'பர்சா கிழக்கு - காந்த பாசன்' என்ற சுரங்கத்தைப் பெற்றிருப்பது ராஜஸ்தான் மாநில அரசின் மின் உற்பத்தி நிறுவனம். சுரங்கத்தை மேம்படுத்தி நடத்தும் ஒப்பந்தம் அதானி குழுமத்திடம் இருக்கிறது. நிலக்கரி செல்வது ராஜஸ்தானின் சப்ரா, காளிசிந்த், சூரத்கர் மின்நிலையங்களுக்கு. விளக்கு எரிவது ஒரு மாநிலத்தில், காடு அழிவது மற்றொரு மாநிலத்தில். சூரத்கரில் நடைபெறும் எந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்திலும் சர்குஜாவின் ஆதிவாசிக்கு நாற்காலி கிடையாது.

இச்சுரங்கத்துக்குக் காட்டு நிலத்தை அளிக்கக் கூடாது என்று 2011 ஜூன் மாதத்தில் ஒன்றிய அரசின் வன ஆலோசனைக் குழுவே பரிந்துரைத்தது. அமைச்சர் அதை ஏற்காமல் அனுமதிக்கு வழிவிட்டார். 2014 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்து, பல்லுயிர் வளம் குறித்த கேள்விகளை முன்வைத்து மறுபரிசீலனை கோரியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் சுரங்கப் பணி தொடர இடமளித்தது. ஆய்வு முடிவதற்குள் அகழ்வு ஆண்டுக்கணக்கில் நடந்துவிட்டது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், புதிய சுரங்கங்கள் திறக்கப்பட்டால் யானைகளுக்கும் மனிதர்களுக்கும் இடையிலான மோதல் கட்டுக்கடங்காமல் போகும் என்று இந்திய வன உயிரின நிறுவனம் எச்சரித்தது.

கனிம மதிப்பீட்டின் கோணத்திலிருந்து பார்த்தால் இங்கு இரு செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவது, முன்மதிப்பீடு எவ்வளவு எளிதில் பொய்த்தது என்பது. ஏறத்தாழ 1,898 ஹெக்டேர் காட்டில் முதற்கட்டமாக 762 ஹெக்டேரை 15 ஆண்டுகள் தோண்டலாம், எஞ்சியதை அதன் பிறகே தொடலாம் என்பது ஏற்பாடு. பின்னர் சுரங்கத்தின் ஆண்டுத் திறன் 1 கோடி டன்னிலிருந்து 1.5 கோடி டன்னாக உயர்த்தப்பட்டது. 2013ஆம் ஆண்டு தொடங்கிய முதற்கட்டம் 2028 வரை நீடிக்கவில்லை. 2022ஆம் ஆண்டிலேயே நிலக்கரி தீர்ந்துவிட்டது என்று கூறி இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி பெறப்பட்டது. காகிதத்தில் 15 ஆண்டு. மண்ணில் 10 ஆண்டு கூட இல்லை.

இரண்டாவது, 2023 ஜூலையில் சத்தீஸ்கர் அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம். இச்சுரங்கத்தில் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் 35 கோடி டன் நிலக்கரியே ராஜஸ்தானின் 4,340 மெகாவாட் மின்நிலையங்களுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் போதும், புதிய சுரங்கங்கள் தேவையில்லை என்று அது கூறியது. அதற்கு ஓராண்டு முன்னர், 2022 ஜூலையில், அஸ்தேவ் பகுதியின் நிலக்கரி ஒதுக்கீடுகளை ரத்து செய்யுமாறு மாநிலச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியிருந்தது.

தேவைக்கும் இருப்புக்கும் இடையே போடப்பட்ட எளிய கணக்கு அது. மின்நிலையத்தின் பசியையும் சுரங்கத்தின் வயிற்றையும் ஒரே தாளில் எழுதியதும், புதிய சுரங்கத்துக்கான வாதம் தானாகவே உதிர்ந்துவிட்டது. ஆட்சி மாறியது, கணக்கும் மறக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அதே ராஜஸ்தான் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட மற்றொரு சுரங்கமான பர்சாவுக்காக, காவல்துறையின் பாதுகாப்புடன் மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்த்து நின்ற கிராம மக்கள் மீது தடியடி நடந்தது. ஒப்புதல் அளித்ததாகக் காட்டப்படும் கிராம சபைத் தீர்மானங்கள் போலியானவை என்பது அம்மக்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் குற்றச்சாட்டு. 2021 அக்டோபரில் அவர்கள் ராய்ப்பூருக்கு 300 கிலோமீட்டர் நடந்தே சென்றதும் இதைச் சொல்வதற்காகத்தான்.

அடியில் கிடப்பது என்ன?

கட்டுமானம் எழுப்பப்படும் இடத்துக்கு நேர் கீழே கனிமம் இருந்தால் என்ன ஆகும் என்பது மதிப்பீட்டின் மற்றொரு பக்கம். நிலக்கரிப் படுகையின் மேல் மின்நிலையமோ சாம்பல் குளமோ ரயில் பாதையோ ஊழியர் குடியிருப்போ அமைந்துவிட்டால் கீழே உள்ள வளம் முடங்கிவிடும். முடங்கிய வளத்தை மீட்க நினைத்தால் மேலே உள்ளவர்களை அகற்ற வேண்டும். இரண்டு வழியிலும் இழப்பைச் சுமப்பவர்கள் எளிய மக்களே.

மத்தியப் பிரதேச - உத்தரப் பிரதேச எல்லையில் உள்ள சிங்ரௌலி இதை மூன்று தலைமுறையாக அனுபவித்து வருகிறது. 1962ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட ரிகந்த் அணையின் நீர்த்தேக்கத்துக்காக மக்கள் முதலில் பெயர்க்கப்பட்டனர். கரையோரம் மேட்டுநிலத்தில் குடியேறியவர்களைத் திறந்தவெளிச் சுரங்கங்கள் அகற்றின. அதன் பின்னர் மின்நிலையங்களும் அவற்றின் சாம்பல் குளங்களும் வந்தன. இன்று மோர்வா நகரத்தின் முறை. வீடு, பள்ளி, கடைத்தெரு என முழு நகரமும் நிலக்கரிப் படுகையின் மேல் அமைந்திருப்பதால், சுரங்க விரிவாக்கத்துக்காக அந்நகரையே இடம் பெயர்க்கும் வேலை நடைபெறுகிறது. கீழே என்ன இருக்கிறது என்பது நிலவியலாளர்களுக்குத் தெரியாத இரகசியம் அன்று. தெரிந்தும், எங்கே எதை அமைப்பது என்று ஒட்டுமொத்தமாகத் திட்டமிடாததன் விலையை மக்கள் தவணை முறையில் கட்டி வருகிறார்கள்.

அளவைப் போலவே தரமும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். ஜார்க்கண்டின் ஜாரியா படுகை, உருக்காலைக்கு உகந்த கோக்கிங் நிலக்கரிக்குப் பெயர்பெற்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே நிலத்தடித் தீ எரிந்து வருகிறது. தீயிலிருந்து தப்பி வெளியே வரும் கோக்கிங் நிலக்கரியில் பெரும்பகுதி, கழுவித் தரம் உயர்த்தப் போதிய வசதி இல்லாத காரணத்தால் மின்நிலையங்களின் கொதிகலனுக்குள் போகிறது. மறுபுறம் உருக்காலைகள் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கோக்கிங் நிலக்கரியை இறக்குமதி செய்கின்றன. சந்தனக் கட்டையை அடுப்பில் எரித்துவிட்டு, பூசைக்குச் சந்தனம் விலைக்கு வாங்கும் குடும்பத்தின் கதை இது.

சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும்

எரிந்த பின் மிஞ்சும் சாம்பலும் கனிம வளக் கணக்கில் வரவேண்டியதே. முறையாகப் பயன்படுத்தினால் அது சிமெண்டிலும் செங்கல்லிலும் கலந்து சுண்ணாம்புக்கல்லையும் வயல்களின் மேல்மண்ணையும் மிச்சப்படுத்தும். சாம்பலைப் பயன்படுத்தக் கோரும் முதல் அறிவிக்கை 1999ஆம் ஆண்டிலேயே வந்தது. பயன்படுத்தாமல் குளம் கட்டித் தேக்கினால் நேர்வது என்ன என்பதைச் சிங்ரௌலி கண்டது. 2020 ஏப்ரல் 10 அன்று சாசன் மின்நிலையத்தின் சாம்பல் குளக் கரை உடைந்து, குழந்தைகள் உள்ளிட்ட 6 பேர் சேற்றில் புதையுண்டு இறந்தனர். ஊரடங்கு நாட்களில் நாடு வீட்டுக்குள் அடைந்திருந்தபோது அவர்களின் வீட்டைத் தேடிச் சாம்பல் வந்தது.

புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவிகளுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதை எந்தக் குன்றிலிருந்து எடுப்பது, அதில் உண்டாகும் ஜிப்சத்தை எங்கே பயன்படுத்துவது என்பனவும் மதிப்பீட்டுக்கு உரியவை. 2015 டிசம்பரில் இக்கருவிகளைக் கட்டாயமாக்கும் விதி வந்தது. பலமுறை காலநீட்டிப்பு வழங்கப்பட்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான மின்நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டுவிட்டது. சுண்ணாம்புக்கல் மிச்சம் என்று அதற்குச் சமாதானமும் சொல்லப்பட்டது. நிலக்கரி தோண்டும்போது எழாத கனிமச் சிக்கன உணர்வு, மக்களின் நுரையீரலைக் காக்க வேண்டிய இடத்தில் திடீரென்று எழுகிறது.

யாருடைய செல்வம்?

நிலக்கரிச் சுரங்கங்கள் 1971 முதல் 1973 வரையிலான ஆண்டுகளில் நாட்டுடைமையாக்கப்பட்டன. தனியார் முதலாளிகள் எளிதில் கிடைக்கும் நல்ல நிலக்கரியை மட்டும் வாரிக்கொண்டு, எஞ்சியதைச் சரிந்து எரிய விட்டதும் தொழிலாளர்களைக் கொத்தடிமைகளாக நடத்தியதும் அதற்கான காரணங்களுள் அடங்கும். நாட்டின் தேவையையும் இருப்பையும் ஒன்றாக வைத்துத் திட்டமிட அன்று ஓர் அடித்தளம் கிடைத்தது.

1993ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், மின்நிலையங்களின் சொந்தப் பயன்பாட்டுக்கென்று தனியார் சுரங்கங்களுக்குக் கதவைத் திறந்தது. அவ்வாறு வழங்கப்பட்ட ஒதுக்கீடுகள் சட்டவிரோதமானவை என்று 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அடுத்த மாதம் 214 ஒதுக்கீடுகள் ரத்தாயின. அந்தத் தீர்ப்பு ஒதுக்கீட்டு முறையைக் கண்டித்தது. ஒன்றிய ஆட்சியாளர்களோ அதை வாய்ப்பாக்கிக்கொண்டு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஏலத்தைக் கொண்டுவந்தனர். 2020 ஜூன் 18 அன்று வணிகச் சுரங்க ஏலம் தொடங்கிவைக்கப்பட்டது. அதை எதிர்த்து நிலக்கரித் தொழிலாளர்கள் ஜூலை 2 முதல் 4 வரை மூன்று நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

வணிகச் சுரங்கத்தில் நிலக்கரி எதற்குப் பயன்பட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. எடுப்பவர் யாருக்கும் விற்கலாம். சுரங்கத்துக்கு மின்நிலையம் இல்லை. மின்நிலையத்துக்குச் சுரங்கம் இல்லை. இடையில் இருப்பது சந்தை மட்டுமே. 'நாட்டுக்கு இவ்வளவு மின்சாரம் தேவை, ஆகவே இவ்வளவு நிலக்கரி' என்ற கணக்குக்கு அங்கே இடமில்லை. இலாபம் தரும் வரை தோண்டுவது என்பதே கணக்கு.

நிலக்கரிக்காகக் கையகப்படுத்திய நிலமும் இதற்கு விலக்கன்று. 1957ஆம் ஆண்டின் நிலக்கரிப் பகுதிகள் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டு, தோண்டி முடிக்கப்பட்ட நிலங்களைப் பிற ஆற்றல் திட்டங்களுக்கும் உள்கட்டமைப்புகளுக்கும் குத்தகைக்கு விட 2022 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை வழிவகுத்தது. அந்த நிலத்தை இழந்த உழவரிடம் அதைத் திருப்பித் தருவது குறித்து அதில் பேச்சில்லை.

சூரிய மின்சாரத்துக்கு மாறினால் இச்சிக்கல்கள் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நிலக்கரியிலிருந்து விலகும் மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் சூரியத் தகடுக்குச் சிலிக்கானும் வெள்ளியும், மின்தடங்களுக்குச் செம்பும், மின்கலங்களுக்கு லித்தியமும் வேண்டும். இவையும் யாரோ ஒருவரின் காலடியிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் இத்தகைய முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து ஒன்றிய அரசுக்கு மாற்றியது. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது. எரிபொருள் மாறுகிறது, மக்களை வெளியே நிறுத்தும் முறை மாறவில்லை.

தோழர்கள் செய்ய வேண்டியது

இங்கே ஒரு கடினமான கேள்வியைத் தவிர்க்க இயலாது. சுரங்கமும் மின்நிலையமும் இலட்சக்கணக்கான தொழிலாளர்களின் வாழ்வாதாரம். சுரங்கம் வேண்டும் என்று கோரும் மக்கள் அஸ்தேவைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உண்டு. நிலத்தை முன்பே இழந்துவிட்டவருக்கு எஞ்சியிருப்பது வேலை ஒன்றே. அவரைக் காட்டின் பகைவர் என்று ஒதுக்குவதும், காட்டைக் காக்கும் ஆதிவாசியை வளர்ச்சியின் பகைவர் என்று தூற்றுவதும் முதலாளிகளுக்கே உதவும். தொழிலாளியையும் பழங்குடியினரையும் எதிரெதிரே நிறுத்தாத ஒரு நிலைப்பாடு இயக்கத்துக்கு வேண்டும். கனிமக் கணக்கு அந்த நிலைப்பாட்டுக்கு அடிப்படை அமைக்க வல்லது. இருக்கும் சுரங்கங்களை முறையாகவும் முழுமையாகவும் பயன்படுத்தினால் எவ்வளவு காலம் வேலை இருக்கும், புதிய காட்டைத் தொட உண்மையில் தேவை உண்டா என்பதை அது வெளிச்சமிட்டுக் காட்டும்.

ஆகவே எந்த மின்திட்டத்தின் கருத்துக் கேட்புக் கூட்டத்திலும் ஐந்து கேள்விகள் எழுப்பப்பட வேண்டும்.

ஒன்று: திட்டத்தின் வாழ்நாளுக்கு எந்தெந்தக் கனிமம் எவ்வளவு வேண்டும்? நிலக்கரியோடு சுண்ணாம்புக்கல், மணல், கருங்கல் ஆகியவற்றின் கணக்கும் வேண்டும்.

இரண்டு: ஒவ்வொன்றும் எந்தச் சுரங்கத்திலிருந்து வரும்? அங்குள்ள மக்களின் கிராம சபை ஒப்புதல் எங்கே?

மூன்று: திட்டம் அமையும் நிலத்துக்கு அடியில் உள்ள வளம் எது? அது முடங்குமா, அல்லது பிற்காலத்தில் மக்கள் மறுபடியும் பெயர்க்கப்படுவார்களா?

நான்கு: ஏற்கெனவே உள்ள மின்நிலையங்களும் சுரங்கங்களும் முழுத் திறனில் இயங்கினால் இத்திட்டம் தேவைப்படுமா?

ஐந்து: சாம்பலும் சுரங்கக் குழியும் யார் பொறுப்பில், எந்த ஆண்டுக்குள் சீராக்கப்படும்? அதற்கான பணம் எங்கே வைக்கப்பட்டுள்ளது?

இக்கேள்விகளுக்கு மக்கள் மொழியில் எழுதப்பட்ட விடை கிடைக்காத வரை மதிப்பீடு முடிந்ததாக ஏற்கக் கூடாது. முழு அறிக்கையும் ஆங்கிலத்தில் தடித்த நூலாகக் கிடக்க, சில பக்கச் சுருக்கம் மட்டும் மாநில மொழியில் தரப்படும் வழக்கத்தையும் எதிர்க்க வேண்டும். மொழிபெயர்க்கப்படாத அறிக்கை மக்களைப் பொறுத்தவரை மறைக்கப்பட்ட அறிக்கையே.

கிராம சபையின் குரலுக்கு வலிமை உண்டு என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி சான்று. 1996ஆம் ஆண்டின் பட்டியல் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அளித்த உரிமையின் மீது நின்று, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்கம் குறித்த முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகளும் கூடின, 12ம் மறுத்தன. மலை நின்றது. அலுமினிய ஆலையை முதலில் கட்டி முடித்துவிட்டு, கனிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிய நிறுவனத்தின் கணக்கு அங்கே பொய்த்தது.

மதிப்பீடு ஆலையின் மதிற்சுவரோடு நின்றுவிட்டால் அது முதலீட்டாளரின் கணக்கு. சுரங்கத்தின் வாய் முதல் சாம்பல் குளம் வரை, தோண்டுபவரின் கூலி முதல் பெயர்க்கப்படுபவரின் நிலம் வரை சென்றால்தான் அது மக்களின் கணக்காகும். அந்தக் கணக்கைப் போடவும், போடச் சொல்லி வற்புறுத்தவும் ஒவ்வொரு கிளையும் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும்.